கடைசி விக்கெட் நிக்கேக்க ஏன் பீல்டை விரிக்கிறாங்கள்?

மாங்குளம்_மிட்ஓன்:
வணக்கம். டெஸ்ட் மட்ச் விடாமல் பாக்கிற ஆக்களிட்ட ஒரு கேள்வி. ஒரு முனையில் நல்லா நிலைச்ச ஆள், மற்ற முனையில் பதினோராவது ஆள், அதாவது பெரிசாத் துடுப்பாடத் தெரியாத கடைசி ஆள். உடனை கப்டன் என்ன செய்யிறார்? ஸ்லிப்பை (விளிம்பில் பட்டு வாற பந்தைப் பிடிக்க விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில நிக்கிறவர்) தூக்கிப்போட்டு ஆறேழு பேரை எல்லைக்கோட்டுக்கு அனுப்புறார். 2019 பெப்ரவரி தென்னாபிரிக்காவோட டர்பனில் இலங்கை 226க்கு 9 விக்கெட், இலக்கு 304. குசல் பெரேரா விஷ்வா பெர்னாண்டோவை வைச்சுக்கொண்டு மிச்சம் 78ஐயும் அடிச்சு முடிச்சார். அதே வருசம் ஓகஸ்டில் ஹெடிங்லியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரா இங்கிலாந்தின்ர ஸ்டோக்ஸும் கடைசி ஆள் லீச்சும் சேந்து 76. ரெண்டிலயும் பந்துவீசின பக்கத்துக்குக் கையில இருந்த மட்ச் போச்சு.

விரிக்கிறது சரியா, பிழையா? மற்றது, டிவி இல்லாமல் போனில் ஸ்கோர் மட்டும் பாக்கிற எங்களுக்கு உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு எப்பிடித் தெரியும்? எங்கட பக்கத்து மென்பந்துப் போட்டிகளிலயும் இந்த வாதம் ஓயுறதே இல்லை.

வட்டக்கச்சி_வாய்க்கால்:
முதல்ல ஓவரை நாலு பந்து, ரெண்டு பந்து எண்டு பிரிச்சுப் பாருங்கோ. முழு விசயமும் அதுக்குள்ளதான் இருக்கு.

நிலைச்சவர் முதல் நாலு பந்திலயும் ஒற்றை ஓட்டம் எடுக்கமாட்டார். நாலு, ஆறு, இல்லாட்டி ரெண்டு. இடைவெளியில் பந்து போனாலும் கையைக் காட்டி மற்றவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஐஞ்சாவது இல்லாட்டி ஆறாவது பந்தில்தான் ஒண்டு எடுப்பார். ஆறாவதில் எடுத்தால் இன்னும் நல்லது: ஓடிப்போய் நிக்கிற முனையிலதான் அடுத்த ஓவர் தொடங்கும், பந்து திரும்பவும் அவருக்கே.

கப்டன் பீல்டை விரிக்கிறது "ஒண்டை எடுத்துக்கொண்டு போ, நான் மற்றவனுக்குப் போடுறன்" எண்ட நினைப்பில. அவர் எடுக்கிறாரே இல்லை! அப்ப விரிச்சதால் வந்த லாபம் என்ன? எல்லையில் ஆள் தூரத்தில நிக்கிறதால ரெண்டு ஓட்டம் சும்மா கிடைக்குது. அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய கேடு ஒண்டிருக்கு. பீல்ட் மாறினவுடன் பந்துவீச்சும் மாறிப்போகும். ஓஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே நல்ல நீளத்தில் விழுற பந்துக்குப் போல்ட், எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போற பந்தைக் கால் மறிச்சால் அவுட்), விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் பிடி எண்டு மூண்டு வழி. ஸ்லிப் போனவுடன் வீச்சாளர் பவுன்சருக்கும் (தலை உயரத்துக்கு எழும்புற பந்து) அகல யோர்க்கருக்கும் (தள்ளி, துடுப்படியில் விழுற பந்து) தாவுவார். மிச்சம் ஒரு வழிதான்: எல்லையில் பிடி. நூறைத் தாண்டி பந்தைக் கால்பந்து மாதிரிப் பாக்கிற ஒருவருக்கு அதைப்போல வசதி வேறயில்லை.

என்ன செய்யலாம்? ஐம்பதுக்கு மேல் தேவையெண்டால் நிலைச்சவருக்கே ஒரு ஸ்லிப், ஒரு கலி (ஸ்லிப்புக்கு அடுத்து நிக்கிறவர்) கட்டாயம். எல்லையில் நாலு பேருக்கு மேல் வேண்டாம்: டீப் ஸ்கொயர் லெக், லோங் ஓன், டீப் கவர், தேர்ட் மேன். நாலாவது பந்து முடிஞ்சவுடன் எல்லாரையும் ஒற்றையை மறிக்கிற தூரத்துக்கு இழுக்க வேணும். இந்த இழுப்பைச் சில கப்டன்மார் பிந்திச் செய்யினம். ஐஞ்சாவது பந்துக்கு வீச்சாளர் ஓடத் தொடங்கேக்கையும் டீப் பொயின்ற் நடந்துகொண்டுதான் வருவார். ஆறாவது பந்துக்கு விக்கெட் காப்பாளர் வலக்கைக் கையுறையைக் கழட்டி வைக்கிறதைப் பாத்திருப்பியள். துடுப்பில் படாவிட்டாலும் பை ஒண்டு ஓடி அடுத்த ஓவரைப் பிடிக்கப் பாப்பினம். வெறுங்கையால் எறிஞ்சால்தான் ஸ்டம்பில் படும்.

பதினோராவது ஆளுக்கு ரெண்டு ஸ்லிப், கலி, ஷோர்ட் லெக் (துடுப்புக்குக் கிட்ட நிக்கிறவர்). பந்து ஸ்டம்பை விட்டு விலகவே கூடாது. ஹெடிங்லிக் கூட்டில் லீச் சந்திச்சது 17 பந்து, எடுத்தது 1. மூண்டு ஓவரும் இல்லை. அந்த 17க்குள்ள எத்தனை ஸ்டம்பில் போச்சு எண்டதுதான் கேள்வி. மனுசன் ஒவ்வொரு பந்துக்கும் இடையில் கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு நிண்டார். விஷ்வா டர்பனில் 27 பந்து தாக்குப்பிடிச்சு 6.

நெடுங்கேணி_நைட்வாட்ச்மன்:
அண்ணை சொல்லுறதில் முக்கால்வாசி சரி. ஆனால் 15 தேவையெண்டால்? ரெண்டு சிக்ஸர், ஒரு பிழையான பந்து, மட்ச் முடிஞ்சுது. அப்ப விரிக்கத்தான் வேணும். எந்த எண்ணில் விரிக்கிறதெண்டதுதான் வாதம். என்ர கணக்கு 20.

ஆடுகளத்தையும் பாக்க வேணும். காலி மைதானத்தில் பந்து சுழண்டு திரும்பேக்க எல்லைக்கு ஆள் அனுப்புறது வீண். 2015இல் இந்தியாவுக்கு இலக்கு வெறும் 176. முதல் இனிங்ஸில் 192 ஓட்டம் பின்னுக்கு நிண்ட இலங்கை, சந்திமாலின்ர 162ஆல்தான் அந்த இலக்கையாவது வைச்சுது. சுழல் வீச்சாளர் ஹேரத் 48 குடுத்து 7 விக்கெட், இந்தியா 112. இவ்வளவு சின்ன இலக்கை ஓட்டத்தை மறிச்சுக் காப்பாத்த ஏலாது. துடுப்பைச் சுத்தி ஆள் நிண்டால்தான் உண்டு.

முழங்காவில்_மூன்றாம்நடுவர்:
பீல்டைப் பற்றியே கதைக்கிறியள். ஹெடிங்லியில் அவுஸ்திரேலியா தோத்ததில் பாதி ரிவியூவால (நடுவர் தீர்ப்பை டிவியில் திருப்பிப் பாக்கக் கேக்கிறது; பிழைச்சால் ஒண்டு குறையும்).

அவுஸ்திரேலிய வீச்சாளர் கம்மின்ஸின்ர பந்து லீச்சின்ர காலில் பட்டுது. பந்து விழுந்தது லெக் ஸ்டம்புக்கு (துடுப்பாடுறவரின்ர கால் பக்க ஸ்டம்ப்) வெளியே. அங்க விழுந்தால் மிச்சம் எதுவும் பாக்கத் தேவையில்லை, எல்பிடபிள்யூ கிடையாது. இருந்தும் கேட்டாங்கள், கடைசி ரிவியூ அதோட போச்சு. அடுத்த ஓவரில், இங்கிலாந்துக்கு 2 ஓட்டம் தேவைப்படேக்க, மற்ற வீச்சாளர் லயனின்ர பந்து ஸ்டோக்ஸின்ர காலில் நேர பட்டுது. நடுவர் ஜோயல் வில்சன் இல்லையெண்டார். டிவியில் பந்து ஸ்டம்பில் போய் முட்டுது. கேக்க ரிவியூ இல்லை. அதுக்கு முதல் பந்தில லீச்சை ரன் அவுட் ஆக்குற எறியையும் லயன் கையில் பிடிக்காமல் நழுவ விட்டிருந்தார்.

அப்ப ஒரு இனிங்ஸுக்கு ரெண்டு ரிவியூ. 2020க்குப் பிறகு மூண்டு. 'அம்பயர்ஸ் கோல்' (மட்டுமட்டான தீர்ப்பு, நடுவர் சொன்னதே நிக்கும்) எண்டு வந்தால் ரிவியூ குறையாது. அதால மட்டுமட்டான தீர்ப்புகளைப் பயமில்லாமல் கேக்கலாம். லெக் பக்கம் விழுந்ததைத்தான் கேக்கக் கூடாது.

இன்னொண்டு. 2022 ஒக்டோபரிலிருந்து சட்டம் மாறியிருக்கு. பிடி குடுத்தவரும் மற்றவரும் ஓடிக் கடந்திருந்தாலும், புதுசா வாறவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேணும், ஓவர் முடிஞ்சால் ஒழிய. முந்தியெல்லாம் ஒன்பதாவது ஆள் தூக்கி அடிச்சு பிடி போகேக்கயே கடந்து ஓடி, நிலைச்சவரைப் பந்துக்குக் கொண்டு வருவினம். இப்ப அந்தத் தந்திரம் செல்லாது. மென்பந்துக்காரர் சிலர் இன்னும் பழைய சட்டத்தில் சண்டை பிடிக்கினம்.

மாங்குளம்_மிட்ஓன்:
நன்றி. 20க்குக் கீழ விரிக்கலாம் எண்டதை ஏற்கிறன். ஸ்கோரில் எப்பிடிப் பிடிக்கிறது எண்டதை ஒருத்தரும் சொல்லேல்லை.

வட்டக்கச்சி_வாய்க்கால்:
மறந்துபோனன். பந்துக்குப் பந்து ஸ்கோரில் ஒவ்வொரு ஓவரிலும் ஆறு குறி வரும். 0, 4, 0, 2, 0, 1 எண்டு வந்தால் முழு ஓவரும் நிலைச்சவர், கடைசிப் பந்தில் முனையைக் காப்பாத்தியிட்டார். அந்த 2 எல்லைக்கு ஆள் போனதின்ர அடையாளம். உள்ளுக்கு நிண்டால் பெரும்பாலும் அது நாலு, இல்லாட்டி ஒண்டுமில்லை. 1, 0, 0, 0, 0, 0 எண்டு வந்தால் நிலைச்சவர் முதல் பந்திலேயே மாட்டுப்பட்டார், மிச்ச ஐஞ்சும் கடைசி ஆள். ரெண்டு ஓவர் அப்பிடி வந்தால் விக்கெட் கிட்டத்தில எண்டு நினையுங்கோ. 80 ஓவர் தாண்டினதையும் கவனியுங்கோ, அதுக்குப் பிறகு புதுப் பந்து எடுக்கலாம். புதுப் பந்து விளிம்பில் பட்டாலும் வேகமாய்ப் போகும், விக்கெட்டும் விழும், ஓட்டமும் கொட்டும்.

நேரம்: தென்னாபிரிக்காவில் 10 மணிக்குத் தொடங்கினால் எங்களுக்கு பின்னேரம் 1.30. இங்கிலாந்து கோடையில் 3.30. மெல்பர்னில் டிசம்பர் 26 எண்டால் விடிய 5 மணி. மாரி மழை, கரண்ட் போற காலம், முதல் நாள் இரவே போனைச் சார்ஜில் போட்டு வையுங்கோ.