மின்சாரமும் இணையமும் இல்லாத நிலத்துக்கு சோலார் கேமரா: எதைப் பார்த்து வாங்குவது?

வேலியோரம்:
வணக்கம். குடியிருப்புகளிலிருந்து தள்ளி ஒரு நிலம். மின் இணைப்பு இல்லை, இணையமும் இல்லை. கைப்பேசிக்குச் சிக்னல் ஏதோ வருகிறது. வாசலில் ஒரு கேட், அங்கிருந்து ஏறக்குறைய 250 மீட்டர் உள்ளே பொருள்கள் வைக்கும் கொட்டகை. இரண்டையும் கண்காணிக்க வேண்டும். விற்பனையில் பாதி வைஃபை, பாதி 4ஜி. சில பெட்டிகளில் '24 மணி நேரப் பதிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தெரிந்தவரிடம் ஒரு 4ஜி கேமராவை இரவல் வாங்கிக் கொட்டகையில் மாட்டிப் பார்த்தேன். வெயிலுக்குக் குறைவில்லை, ஆனாலும் பேட்டரி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகிறது. கேமராவில் கோளாறா, இந்த வகையே இப்படித்தானா? எத்தனை மெகாபிக்சல் எடுப்பது என்றும் சொல்லுங்கள்.

வாட்கணக்கு:
மெகாபிக்சலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கொட்டை எழுத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4ஜி கேமரா ஒன்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தால் சுமார் 3 வாட் இழுக்கும். 24 மணி நேரத்துக்கு 72 வாட் மணி. கூடவே தரும் 4 வாட் பேனல், நல்ல வெயில் 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு இழப்புகளைக் கழித்தால், ஒரு நாளைக்குத் தருவது 10 வாட் மணி அளவுதான். வரவு 10, செலவு 72. எந்த நிறுவனமும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

அதனால்தான் இந்தக் கேமராக்கள் பெரும்பாலான நேரம் தூங்குகின்றன. உடல் வெப்பத்தை உணரும் சென்சார் மட்டும் விழித்திருந்து, ஆள் வந்தால் கேமராவை எழுப்புகிறது. புதிதாக வரும் சில மாடல்கள் நொடிக்கு ஒரு படம் என்ற கணக்கில் இடைவிடாமல் எடுத்து, அசைவு தெரிந்ததும் முழு வேகத்துக்கு மாறுகின்றன. '24 மணி நேரம்' என்பது பெரும்பாலும் இதைத்தான் குறிக்கும். விவரக் குறிப்பின் அடியில் தேடிப் பாருங்கள்.

உங்கள் பேட்டரி ஏன் இறங்குகிறது என்று சொல்ல மூன்று விவரங்கள் வேண்டும். ஒரு நாளில் எத்தனை எச்சரிக்கை வருகிறது? பேனல் மீது எப்போதாவது நிழல் விழுகிறதா? கேமரா இருக்கும் இடத்தில் சிக்னல் எவ்வளவு?

கோபுரநிழல்:
சிக்னலைக் கோடுகளை எண்ணிச் சொல்லாதீர்கள். கைப்பேசிக்குக் கைப்பேசி அது மாறும். சிக்னல் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள், கோபுரத்திலிருந்து வந்து சேரும் சிக்னலின் வலிமை அது. கழித்தல் 90க்கு மேலே இருந்தால் கவலை வேண்டாம், கழித்தல் 110ஐத் தாண்டிக் கீழே போனால் தொல்லை. கேமராவில் போடப்போகும் அதே நிறுவனத்தின் சிம்மைப் போட்டு, கேமரா வைக்கும் அதே உயரத்தில் அளக்க வேண்டும்.

வேலியோரம்:
அளந்துவிட்டேன். கேட்டில் கழித்தல் 97, கொட்டகையில் கழித்தல் 116. எச்சரிக்கைகள் பிற்பகலில் சரம் சரமாக வருகின்றன. திறந்து பார்த்தால் ஆளும் இல்லை, விலங்கும் இல்லை. நிழல் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. மூன்று மணிக்கு மேல் ஒரு கிளையின் நிழல் பேனலின் ஓரத்தில் மட்டும் விழும்.

வாட்கணக்கு:
அந்த 'ஓரத்தில் மட்டும்' போதும், ஐயா. பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல்லை நிழல் மூடினாலும் மொத்த மின்னோட்டமும் அதற்கேற்பக் குறையும். கிளையை வெட்டுங்கள், அல்லது பேனலைத் தனியே நகர்த்துங்கள். நகர்த்தும்போது நீளமான மெல்லிய கம்பி வேண்டாம். 5 வோல்ட்டில் வழியிலேயே அழுத்தம் விழுந்துவிடும்.

வெற்று எச்சரிக்கைக்கும் அதே மரம்தான் காரணமாக இருக்கும். வெயிலில் சூடேறிய இலைகள் காற்றில் ஆடும்போது சென்சார் அதை ஆள் நடமாட்டமாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கேமரா எழுந்து, பதிவு செய்து, அனுப்புகிறது. அனுப்பும் இடத்தில் சிக்னல் 116. மோடம் தன் முழு வலிமையில் கத்த வேண்டும், அனுப்பும் நேரமும் நீளும். கோளாறு கேமராவில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது.

பழைய வயர்மேன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கொட்டகையில் தனி 4ஜி கேமரா எதற்கு? ஒரு 4ஜி ரூட்டரை வைத்து, கூரைக்கு மேலே கம்பத்தில் வெளி ஆன்டெனாவை ஏற்றிவிட்டால் சிக்னல் பிரச்சினை குறையும். பிறகு கொட்டகையைச் சுற்றி எத்தனை வைஃபை கேமரா வேண்டுமானாலும் மாட்டலாம், ஒரே சிம் போதும்.

வாட்கணக்கு:
யோசனை சரி, ஆனால் ரூட்டர் தூங்காதே. 5 வாட் என்றாலும் நாளுக்கு 120 வாட் மணி. மூன்று நாள் மேகமூட்டத்தைத் தாங்க 12.8 வோல்ட், 30 ஆம்பியர் மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, 80 முதல் 100 வாட் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர் எல்லாம் வேண்டும். ஈய அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது, ஆகவே அளவு இரட்டிப்பாகும். மூன்று நான்கு கேமரா வைப்பவருக்கு இது லாபம். ஒன்றுக்காக இத்தனையும் கட்டுவது வீண். திருடனுக்குக் கேமராவைவிட அந்த பேட்டரிதான் பிடிக்கும்.

கோபுரநிழல்:
நானும் அதையே சொல்வேன். இரண்டு இடத்துக்கும் 4ஜி கேமரா, ஆனால் ஆன்டெனாவைக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாக எடுங்கள். கொட்டகையில் மட்டும் உயரத்தில் வெளி ஆன்டெனா. உங்கள் சிம் நிறுவனம் அங்கே பயன்படுத்தும் அலைவரிசைகள் கேமராவில் இருக்கின்றனவா என்றும் சரிபாருங்கள்; வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த மாடல்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேட்டிலிருந்து கொட்டகைக்குச் சாதாரண வைஃபையை இழுக்க நினைக்க வேண்டாம், 250 மீட்டர் அதற்கு அதிகம்.

வேலியோரம்:
நன்றி. டேட்டா எவ்வளவு ஆகும்? கேட்டில் கேமராவை எப்படித் திருப்புவது?

வாட்கணக்கு:
20 நொடிப் பதிவு, நொடிக்கு 2 மெகாபிட் என்றால் ஒன்று 5 மெகாபைட். நாளுக்கு 30 எச்சரிக்கை வந்தால் மாதம் 4.5 ஜிகாபைட். நேரலையைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் டேட்டாவும் பேட்டரியும் சேர்ந்து கரையும். மெகாபிக்சலுக்கும் இதுவே பதில்: 3 அல்லது 4 போதும்.

கேட்டில், வருபவர் கேமராவை நோக்கி நேராக நடக்காமல் குறுக்கே கடக்கும்படி பக்கவாட்டில் மாட்டுங்கள். சென்சார் குறுக்கு அசைவைத்தான் நன்றாகப் பிடிக்கும், அதுவும் 8 முதல் 10 மீட்டருக்குள். காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் நாள்களில் தூரம் இன்னும் குறையும். மெமரி கார்டு கேமராவுக்குள்ளேதான் இருக்கிறது, கழற்றிக்கொண்டு போனால் சாட்சியும் போய்விடும். எச்சரிக்கைப் பதிவு உடனே வெளியே சேமிக்கப்படும் மாடலாகப் பாருங்கள்.

பழைய வயர்மேன்:
இரவு விளக்கின் அகச்சிவப்பு ஒளி 850 நானோமீட்டர் அலைநீளம் என்றால் இருட்டில் மங்கலான சிவப்பு தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. கேட்டுக்கு 850 வையுங்கள், கேமரா இருப்பது தெரிந்தால் நல்லதுதான். கொட்டகைக்கு 940.

வேலியோரம்:
கிளையை வெட்டியாயிற்று. பேட்டரி இறங்குவது நின்று, மெல்ல ஏறுகிறது. கேட்டுக்கான கேமராவை முதலில் வாங்குகிறேன். கொட்டகைக்கு ஆன்டெனாவைக் கம்பத்தில் ஏற்றி மறுபடி அளந்துவிட்டு எண்ணைப் போடுகிறேன்.