உக்ரைன்: கையெழுத்துப் போட்டால் போர் நின்றுவிடுமா?

வைகைக்கரையான்:
உக்ரைன் போர் பேச்சுவார்த்தையில் முடியும் என்று இங்கே பாதிப்பேர் எழுதுகிறீர்கள். கிழக்கு உக்ரைனில் ரஷ்ய ஆதரவுக் கிளர்ச்சியாளர்களோடு நடந்த சண்டையை நிறுத்த மின்ஸ்க் நகரில் போட்ட ஒப்பந்தங்கள் ஞாபகம் இல்லையா? முதல் ஒப்பந்தம் 2014 செப்டம்பரில், இரண்டாவது 2015 பிப்ரவரி 12இல். 15ஆம் தேதி போர்நிறுத்தம் தொடங்கியது. 18ஆம் தேதி தெபால்ட்செவே நகரம் உக்ரைன் கையை விட்டுப் போயிற்று. எல்லைக் கட்டுப்பாடு முதலில் வேண்டும் என்றது கீவ். கிளர்ச்சியாளர் பகுதிகளுக்குத் தேர்தலும் தனி அந்தஸ்தும் முதலில் என்றது மாஸ்கோ. எது முன், எது பின் என்று இழுத்தடித்தே ஏழு வருடம் போனது. கடைசியில் 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யா முழுப் படையெடுப்பே நடத்தியது.

கடுங்காப்பி:
ஒன்று தோற்றதை வைத்து எல்லாவற்றையும் கழித்துக்கட்ட முடியாது தோழர். கொரியாவில் 1951 ஜூலையில் பேச உட்கார்ந்தார்கள். போர்க்கைதிகளை எங்கே அனுப்புவது என்ற ஒரே சிக்கலில் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டார்கள்; அந்தப் பக்கம் குன்றுகளுக்காகச் சண்டையும் நடந்துகொண்டே இருந்தது. 1953 ஜூலை 27இல் இரு கொரியாக்களின் எல்லையிலுள்ள பன்முன்ஜோமில் போர்நிறுத்தம். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. ஆனாலும் அந்தப் பெரும்போர் திரும்ப வரவில்லையே.

வைகைக்கரையான்:
வராததற்குக் காரணம் காகிதமா, அங்கேயே தங்கிவிட்ட அமெரிக்கப் படையா? வியட்நாமைப் பாருங்கள். 1973 ஜனவரியில் பாரிஸில் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்து. அமெரிக்கப் படை கிளம்பியது, வடக்கின் படை தெற்கிலேயே இருந்தது. 1975 ஏப்ரல் 30இல் தெற்கின் தலைநகர் சைகோன் விழுந்தது. அமைதியே வரவில்லை என்று, பாரிஸில் வடக்குக்காகப் பேசிய லே டக் தோ நோபல் அமைதிப் பரிசை வாங்க மறுத்தார். அவருக்காவது நேர்மை இருந்தது.

நிலாச்சோறு:
நேர்மையா? ஒப்பந்தத்தை மீறியதில் அவர் தரப்புக்கும் பங்கு உண்டே! மேசை வட்டமா சதுரமா என்று வாரக்கணக்கில் சண்டை போட்டவர்கள்தானே பாரிஸில். சரி, நடத்துங்கள்.

கடுங்காப்பி:
படைதான் காத்தது என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படித் தங்கியது? தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ போர்நிறுத்தத்தையே எதிர்த்தார். 1953 ஜூனில் 25,000க்கும் மேற்பட்ட கைதிகளைத் திறந்துவிட்டுப் பேச்சைக் கவிழ்க்கப் பார்த்தார். அவரை வழிக்குக் கொண்டுவர வாஷிங்டன் கொடுத்த விலைதான் பாதுகாப்பு ஒப்பந்தம். அதுவும் பேரம்தானே?

வைகைக்கரையான்:
பேரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டாளியோடு செய்த பேரம். உக்ரைனுக்கு 1994இல் புடாபெஸ்டில் என்ன கிடைத்தது? அணு ஆயுதங்களைக் கொடுத்துவிட்டு வெறும் உறுதிமொழி. கையெழுத்திட்டதில் ரஷ்யாவும் ஒன்று. அதே ரஷ்யா இப்போது நேட்டோ கூடாது, மேற்கத்தியப் படையும் கூடாது என்கிறது. அப்புறம் காவலுக்கு யார் நிற்பது?

கடுங்காப்பி:
அதைத்தானே உட்கார்ந்து பேசச் சொல்கிறேன்! கொரியாவில் பிடித்த மாதிரி இரண்டு வருடம் பிடித்தாலும் பிடிக்கட்டும்.