84 வயது அப்பம்மாவை ரயிலிலேயே பேசாலைக்கு அழைத்துப் போகலாமா?

பிரிக்பீல்ட்ஸ் பேத்தி:
என் அப்பம்மா மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தவர். 1960-இல் கல்யாணமாகி கோலாலம்பூருக்கு வந்தவர், அதன்பிறகு ஊர்ப்பக்கம் போகவே இல்லை. தனுஷ்கோடிக் கப்பலைப் பிடிக்கப் போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு ரயிலை நிறைத்திருப்பார்களாம். தாமும் அவர்களோடு நசுங்கிக்கொண்டு தலைமன்னார்வரை போனதை இன்றும் சொல்வார். அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் ஓர் அட்டை டிக்கெட் இருக்கிறது. இரண்டு விரல் அகலம், எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது, பரிசோதகர் வெட்டிய ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. பயண முகவர் ஒருவர், "ரயிலெல்லாம் எதற்கு, வேனில் போய்வாருங்கள்" என்று முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. போனவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி:
தாராளமாகப் போகலாம், தங்கச்சி. நான் 2018-இல் கொழும்பு கோட்டையிலிருந்து ஏறினேன். மதவாச்சியில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்தால் தலைமன்னார் பியர் என்ற கப்பல்துறை நிலையம்வரை 106 கிலோமீட்டர். 1914-இல் திறந்த பாதை. 1990-இல் போரில் அழிந்து, 2015 மார்ச்சில்தான் கடைசி நிலையம்வரை மறுபடி ரயில் வந்தது. திருக்கேதீச்சரம் தாண்டியதும் அப்பம்மாவை எழுப்பிவிடுங்கள். இருபுறமும் முழங்கால் ஆழக் கடல், நடுவில் நாம். தைமாதம் என்றால் பூநாரைகளையும் பார்க்கலாம். மன்னாரில் இறங்கிவிடாதீர்கள். தோட்டவெளி, அடுத்தது பேசாலை. பனைகளுக்கு நடுவே சின்ன நிலையம். என் அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் உழைத்தவர். அழிந்த பாதையில் புதுத் தண்டவாளம் மின்னுவதைப் பார்த்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

பினாங்கு தாதி:
நான் ஓய்வுபெற்ற தாதி. ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள் அம்மா: ரயில் பெட்டியின் படிகள் உயரமானவை. மேலிருந்து ஒருவர் கைகொடுக்க, கீழிருந்து ஒருவர் தாங்க வேண்டும். கொழும்பிலிருந்து ஒரே மூச்சில் போகாமல் அநுராதபுரத்தில் ஓரிரவு தங்குங்கள். ஓடும் ரயிலில் கழிப்பறைக்குத் தனியாக விடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பேத்தி:
இருவருக்கும் நன்றி. அப்பம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "பேசாலையில் இறங்குவது அப்புறம், முதலில் பியர்வரை போவோம்" என்கிறார். அங்கே கப்பல்துறை எப்படி இருக்கிறது, அண்ணா?

செந்தூல்வாசி:
கப்பல் இல்லை, தங்கச்சி. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றுபோனது. பழைய துறை துருப்பிடித்துக் கடலுக்குள் நிற்கிறது. பக்கத்தில் வெள்ளைக் கலங்கரை விளக்கம் இருக்கிறது, அதை அப்பம்மா அடையாளம் கண்டுகொள்வார்.