ஓயாத கவலை: மாத்திரையா, வீட்டு மாற்றமா?

வைகைக்கரை:
அக்காவுக்கு 44 வயது. பையன் பைக்கை எடுத்தாலே நெஞ்சு படபடக்கிறது. சரி, அவன் திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகாவது அடங்குமா என்றால் இல்லை. கேஸ் அடுப்பை மூடினோமா, மகளின் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று அடுத்தது தொடங்கிவிடும். ஒரு வருடமாக இப்படித்தான். இசிஜி நார்மல். "டென்ஷன்தான், போட்டு அலட்டிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மனநல டாக்டரிடம் கூட்டிப் போகலாமா?

கணக்குப்பிள்ளை:
தேவையில்லை. கவலைப்படாத தாய் எங்கே இருக்கிறாள்? எங்கள் அம்மா ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், ஒரு மாத்திரை போட்டதில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் நோய் என்று ஒரு பெயர், பின்னாலேயே மருந்துச் சீட்டு.

நர்சக்கா:
அண்ணா, அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற பெண்கள் 'கவலை' என்று வாயைத் திறந்து சொல்வதே இல்லை. கைகால் ஓய்ச்சல், நெஞ்சைப் பிசையுது, கிறுகிறுன்னு வருது, ஒரு ஊசி போடுங்க என்பார்கள். அதில் சிலருக்கு ரத்தசோகை, சிலருக்கு தைராய்டு அதிகமாகச் சுரப்பது. இரண்டுமே படபடப்பைக் கொண்டுவரும். முதலில் அதைப் பாருங்கள் தம்பி. அதெல்லாம் சரியாக இருந்து, பெரும்பாலான நாட்களில் ஆறு மாதத்துக்கு மேல் அடக்க முடியாத கவலை, கூடவே தூக்கமின்மை, எரிச்சல், தசை இறுக்கம் என்றால் அது பதற்ற நோயாக இருக்கலாம். காரணம் தீர்ந்தும் கவலை தீரவில்லை என்கிறீர்களே, கவனிக்க வேண்டியது அதைத்தான்.

தீப்பொறி:
நானும் மாத்திரைக்கு எதிர்தான், ஆனால் கணக்குப்பிள்ளை சொல்லும் காரணத்துக்காக அல்ல. 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97. சிலிண்டர் எப்போது தீரும், மாமியாரின் சுகர் மாத்திரை எத்தனை மிச்சம் என்று மண்டைக்குள் ஓடுவது இதில் சேர்த்தியே இல்லை. அவளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வீட்டை அப்படியே விட்டால் என்ன வைத்தியம் அது?

நர்சக்கா:
அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் வேலையைப் பங்குபோட்ட வீட்டிலும் இது வருகிறதே? பதற்ற நோய்கள் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிரசவத்துக்குப் பிறகும், மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டியும் சிலருக்குக் கூடும். 44 என்கிறபோது அதையும் யோசிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு மடங்காம்! பெண் வாய்விட்டுச் சொல்கிறாள், கணக்கில் வருகிறாள். ஆண் டாஸ்மாக்குக்குப் போகிறான், குடிகாரன் கணக்கில் போகிறான்.

நர்சக்கா:
அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்காகப் பெண்ணையும் சொல்லாதே என்று அடக்குவதா? மாத்திரை ஒன்றுதான் வழி என்றும் நான் சொல்லவில்லை. எண்ணங்களைப் பிடித்துச் சரிபார்க்கப் பழக்கும் பேச்சு சிகிச்சை இருக்கிறது. பதற்றத்தை உடனே அடக்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள்தான் பழகிப்போகும், அதைக் கடையில் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. பதற்றத்துக்கு வழக்கமாக முதலில் கொடுப்பது வேறு வகை. வேலை செய்ய சில வாரம் பிடிக்கும், திடீரென்று நிறுத்தக் கூடாது. நேரில் போகத் தயங்கினால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வைகைக்கரை:
நன்றி அக்கா. தைராய்டும் ஹீமோகுளோபினும் முதலில் பார்த்துவிடுகிறோம். அத்தானையும் டாக்டரிடம் கூட்டிப் போகலாமா? 'பொம்பளைங்கன்னாலே இப்படித்தான்' என்று அங்கேயே ஆரம்பித்துவிடுவார்.

தீப்பொறி:
கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் அக்கா முதலில் தனியாகப் பேசட்டும், அவர் வெளியே பெஞ்சில் உட்காரட்டும்.

கணக்குப்பிள்ளை:
போவது உங்கள் இஷ்டம். மாத்திரை எழுதினால் எத்தனை மாதத்துக்கு, எப்போது குறைப்பார்கள் என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.