எஞ்சின் கவர் ஸ்டார் ஸ்க்ரூக்களுக்குப் பதிலாக அலென் போல்ட்: எதைப் போடுவது?

கேள்வி:
கிளட்ச் கவர், மேக்னெட் கவர் இரண்டிலும் ஸ்டார் ஸ்க்ரூ தலைகள் மழுங்கிவிட்டன. எல்லாம் எம்6 (6 மி.மீ. விட்டம்), நீளம் 25 முதல் 45 மி.மீ. வரை. அலென் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போடலாம் என்றால் 12.9 வலிமைத் தரமுள்ள கறுப்பா, எஸ்.எஸ்ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்)? இரண்டே நீளத்தில் வாங்கிச் சமாளிக்கலாமா?

பதில் 1:
12.9 தேவையில்லை. அலுமினிய மரை பிய்ந்தாலும் அந்த போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, அதனால் கூடுதல் வலிமை வீண். கறுப்புப் பூச்சு சீக்கிரம் துருவும் பிடிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள 8.8 தரம் போதும். எஸ்.எஸ். வேண்டுமானால் ஏ2-70 தரம் வாங்கி, மரையில் மெல்லிசாக ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். ஈரம் பட்டால் எஸ்.எஸ்ஸோடு ஒட்டியிருக்கும் அலுமினியம்தான் அரிபடும், போல்ட்டும் இறுகிவிடும்.

உருளைத் தலையே வாங்குங்கள். அதற்கு 5 மி.மீ. எல்-கீ. பட்டன் தலைக்கு 4 மி.மீ. கீதான், மறுபடியும் மழுங்கும்.

பதில் 2:
நீளத்தில் சமாளிக்கவே கூடாது. நீளம் கூடினால் நுனி துளையின் அடியில் முட்டும். கைக்கு இறுகியது போலத் தெரியும், ஆனால் கவர் அழுந்தாது, ஆயில் கசியும். இன்னும் முறுக்கினால் கேஸிங் விரியும். குறைந்தால் நாலைந்து மரை மட்டும் பிடித்து, அதுவும் பிய்ந்து வரும்.

கழற்றும்போதே அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவைச் செருகி வையுங்கள். அளவைத் தலைக்குக் கீழிருந்து எடுங்கள். பிறகு கேஸ்கெட்டோடு கவரை வைத்து, புது போல்ட்டுகளைத் திருகாமல் துளைகளில் விடுங்கள். தலையின் அடிப்பக்கம் கவரிலிருந்து எவ்வளவு வெளியே நிற்கிறதோ அவ்வளவுதான் மரைக்குள் போகும். 10 முதல் 12 மி.மீ. நல்லது, 9க்குக் கீழே வேண்டாம். பழைய ஸ்க்ரூவைவிட ஆழமாகப் போனால், துளையின் ஆழத்தையும் மெல்லிய கம்பி விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
ஒரு ஸ்க்ரூவில் செம்பு வாஷர் இருக்கிறது. இன்னொரு துளையில் எவ்வளவு திருகினாலும் இறுகவில்லை.

பதில் 1:
செம்பு வாஷர் இருந்தால் அந்தத் துளை பெரும்பாலும் ஆயில் இருக்கும் பக்கம் திறந்திருக்கும். புது வாஷரை அதே இடத்தில் போடுங்கள். இறுகாத துளையில் அடியில் நல்ல மரை மிச்சமிருந்தால் 5 மி.மீ. கூடுதல் நீளமுள்ள போல்ட் பிடிக்கும். இல்லையென்றால் எம்6 ஹெலிகாயில் (பிய்ந்த மரைக்குப் பதிலாகத் துளையில் போடும் கம்பிச்சுருள்) தான் வழி.

மாட்டும்முன் துளைகளில் தேங்கிய ஆயிலைத் துடைத்தெடுங்கள். அடி மூடிய துளையில் ஆயில் நின்றால் போல்ட் அதை அழுத்திக் கேஸிங்கை உடைக்கும். குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். மேனுவலில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) தான் கணக்கு, எம்6க்கு வழக்கமாக 10 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். ஆன்டி-சீஸ் தடவினால் அதில் கால் பங்கு குறையுங்கள்.