தங்கச்சி தத்துவம் படிக்கணும்ங்கிறா. கடன்ல மூழ்காம படிக்க வழி உண்டா?

சுங்கை சிப்புட் அண்ணன்

வணக்கம். நாங்க மலேசியாவுல இருக்கோம். நான் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறேன். அப்பா தோட்டத்துல குலை அறுத்தவர், இப்ப முதுகு முடியல. அம்மா பள்ளிக்கூட கேண்டீன்ல வேலை. தங்கச்சி ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கு முந்தின வகுப்பு, கடைசித் தவணை. வரலாறும் தமிழும் நல்லா வரும். மேல படிச்சா தத்துவம்தான்னு நிக்கிறா.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. தோட்டத்துல ஆள் குறைச்சப்ப எல்லார்கிட்டயும் ஒரு கடிதம் நீட்டுனாங்க. கையெழுத்துப் போட்டா அன்னைக்கே 3,000 வெள்ளி (ரிங்கிட்)னு தோட்டத்து கிராணி, அதான் ஆபீஸ் குமாஸ்தா சொன்னாரு. அப்பா பேனாவை எடுத்துட்டாரு. தங்கச்சி வாசப்படியில உக்காந்து மலாய்க் கடிதத்தை வரி வரியா படிச்சா. மூணாவது பத்தியில, தொழிலாளி சொந்த விருப்பத்துல விலகுறார்னு ஒரு வரி. "இதை ஒத்துக்கிட்டா ஆள்குறைப்புத் தொகை கேக்க முடியாதுப்பா. அஞ்சு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சவங்களுக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் சேரணும், 1980 விதியில இருக்கு"ன்னா. அப்பா பேனாவை வெச்சுட்டாரு. அன்னைக்கு ராத்திரி லயத்துல, தொழிலாளி வீட்டு வரிசையில, பாதிப் பேர் கடிதத்தோட எங்க வீட்டு வாசல்ல. தொழிலாளர் இலாகாவுக்குப் போயி, அப்பாவுக்கு சேர வேண்டியது வந்துச்சு.

இந்த மாதிரி யோசிக்கிறதைத்தான் படிக்கணும்ங்கிறா. ஆனா அவ படிச்சு முடிச்சு வீட்டைத் தூக்கி நிறுத்தணும், வேற வழியில்ல. ஒரு தனியார் கல்லூரி ஏஜெண்டு வந்து 58,000 வெள்ளின்னு கணக்குப் போட்டுக் காட்டிட்டுப் போனாரு. இது ஒத்து வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கூலிம் அக்கா

தம்பி, ஏஜெண்டு தர்ற எதுலயும் இப்ப கையெழுத்துப் போடாதீங்க. என் அம்மாவும் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டினவங்க. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல நான் தத்துவம்தான் படிச்சேன். இப்ப காப்புறுதி நிறுவனத்துல, மறுக்கப்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் திரும்ப விசாரிக்கிற வேலை.

ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படிப்புப் பேரை விட, வெளிய வர்றப்ப தலையில எவ்வளவு கடன் இருக்குங்கிறது பெருசு. பொதுப் பல்கலைக்கழகம்னா கட்டணத்துல பெரும்பகுதியை அரசாங்கம் ஏத்துக்குது. பிடிபிடிஎன்ங்கிற அரசாங்கக் கல்விக் கடனுக்கு வருஷத்துக்கு 1 விழுக்காடு கட்டணம். பி40, அதாவது வருமானத்துல கீழ்மட்ட 40 விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளை முதல் வகுப்புல தேறினா, கடனைத் திருப்பிக் கட்டுறதுலருந்தே விலக்குக் கேக்கலாம். அந்தக் கதவை விட்டுட்டு 58,000 வெள்ளிக்குப் போக வேணாம்.

சங்கடம் என்னன்னா, நம்ம பொதுப் பல்கலைகள்ல தனித் தத்துவப் பட்டம் அரிது. இருக்கிறது பெரும்பாலும் இஸ்லாமியச் சிந்தனையோட சேர்ந்தது. 2019லருந்து தத்துவமும் நடப்புப் பிரச்சினைகளும்னு ஒரு பாடம் கட்டாயமா வந்துச்சு, ஆனா அது ஒரு பாடம்தான், பட்டம் இல்ல. உங்க வீட்டுக் கதையைப் படிச்சதும் எனக்குத் தோணினது சட்டம். மலாயாப் பல்கலையிலயோ மலேசிய தேசியப் பல்கலையிலயோ (யூகேஎம்) சட்டம் முடிச்சவங்க, வழக்கறிஞர் தொழிலுக்கான சிஎல்பி தேர்வு எழுத வேண்டியதில்ல. 9 மாசம் ஒரு மூத்த வழக்கறிஞர்கிட்ட பயிற்சி எடுத்துட்டு வழக்கறிஞராப் பதியலாம். சட்டத்தோட தத்துவத்தையும் அங்கேயே படிக்கலாம்.

தத்துவமேதான் வேணும்னா சிங்கப்பூர். ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் வெச்சே விண்ணப்பிக்கலாம். அங்க அரசாங்கம் தர்ற கல்விக் கட்டண மானியம் எடுத்தா, படிப்பு முடிச்சு 3 வருஷம் சிங்கப்பூர் நிறுவனத்துல வேலை செய்யணும். வேலையை நாமதான் தேடிக்கணும். மானியம் போகவும் மிச்சக் கட்டணம் நம்ம காசுக்குப் பெருசு. அதனால ஆசியான் உபகாரச் சம்பளம் மாதிரி ஏதாவது கிடைச்சாத்தான் போகச் சொல்வேன். எனக்குக் கிடைச்சுது, அதான் போனேன்.

வகுப்புல என்ன நடக்கும்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க. ஒரே பக்கத்துல கட்டுரை எழுதணும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும், "இது இல்லாட்டி உன் முடிவு நிக்குமா?"ன்னு ஆசிரியர் கேட்டு வெச்சிருப்பார். இன்னைக்கு மறுப்புக் கடிதத்தைக் கையில எடுத்தா அதே கேள்வியைத்தான் கேக்குறேன். நிக்காத கடிதங்களைத் திருப்பி அனுப்பி, ஒரு விதவைக்கோ ஒரு லோரிக்காரருக்கோ காசு போய்ச் சேர்றதைப் பாக்குறப்ப, இந்தப் படிப்பு சோறு போடாதுன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு நினைப்பேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தாப்பா

அம்மணி சொன்னது சரி. பொதுப் பல்கலைக்கு விண்ணப்பிக்கும் யூபியூவில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு விளையாட்டு, சங்கம் போன்ற புறப்பாடம். நம் பிள்ளைகள் அந்தப் பத்தைத்தான் கோட்டை விடுகிறார்கள். சான்றிதழ்களை இப்போதே சேர்த்து வைக்கட்டும். சட்டத்தை முதல் விருப்பமாகப் போட்டு, அடுத்து மலாயாப் பல்கலையின் இந்திய ஆய்வியல் துறையையும் போடலாம். தமிழ் நன்றாக வரும் பிள்ளை அங்கே முதல் வகுப்பு எடுக்கும். நேர்முகம் உண்டென்றால் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லட்டும்.

பீடோர் ராஜா

மனசு கஷ்டப்படாதீங்க அண்ணே. என் அக்கா மகன் கலைப் பட்டம் முடிச்சு ரெண்டு வருஷமா கிராப் ஓட்டுறான். நான் வெல்டிங் சான்றிதழ் எடுத்து, இருபத்திமூணு வயசுல அம்மாவுக்கு வீடு வாங்கிக் குடுத்தேன். வீட்ல காசு இல்லன்னா கைத்தொழில் முதல்ல, ஆசை அப்புறம்.

கூலிம் அக்கா

ராஜா தம்பி, உங்க உழைப்புக்கு மரியாதை. ஆனா மரத்தடியிலயும் ஸ்டோர்லயும் காலம் கழிச்ச நம்ம சனத்துக்கு, கடிதத்தைப் படிச்சுச் சொல்ற ஆள்தான் எப்பவும் குறைச்சல். உங்க அக்கா மகனையும் பிடிடி, அதாவது அரசாங்க நிர்வாக அதிகாரி தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்க. அங்கீகாரம் பெற்ற எந்தத் துறைப் பட்டமா இருந்தாலும் ஏத்துப்பாங்க, ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வுல மலாய்க்கு கிரெடிட் வேணும். அங்கீகாரம் இல்லாட்டி அரசாங்க வேலைக்கு ஆகாது, அதனால வெளிநாட்டுப் பட்டம் எடுக்கிறவங்க அதை நம்ம அரசாங்கம் அங்கீகரிக்குதான்னு முன்கூட்டியே பாத்துக்கணும்.

சுங்கை சிப்புட் அண்ணன்

எல்லாருக்கும் நன்றி. எஸ்பிஎம் மலாயில ஏ எடுத்திருக்கா. இன்னைக்கு அப்பாவும் அவளும் சேர்ந்து பேசி சட்டம் முதல், இந்திய ஆய்வியல் அடுத்துன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆங்கிலம்தான் அவளுக்குப் பயம்.

கூலிம் அக்கா

அந்தக் கடிதத்துல என்ன தப்புன்னு ஒரு பக்கம் ஆங்கிலத்துல எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்க. பல்கலை நுழைவுக்கான முவெட் ஆங்கிலத் தேர்வு வரைக்கும் வாரத்துக்கு ஒண்ணு, நான் திருத்தித் தர்றேன்.