ஊசியா, மரபணுவா: காதின் ரோமச் செல்களை இழந்தவர்கள் பகிர்ந்தவை

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை

2013-ஆம் ஆண்டு எனக்குப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் உறுதியானபோது, வாரத்தில் ஆறு நாள் கானமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஊசி போட்ட இடம் வீங்கி உட்கார முடியாமல் போன நாள்கள் உண்டு; அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நான்காம் மாதத்தில் ஒருநாள், அக்குளில் வைத்திருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒலி எழுப்பவே இல்லை என்று பேரனிடம் கொடுத்து, பேட்டரியை மாற்றிவரச் சொன்னேன். "பாட்டி, அது கத்திக்கொண்டேதான் இருக்கிறது" என்றான்.

அதன் பிறகுதான் செவித்திறன் சோதனை செய்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்களும் இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகளுமாக இருந்த அந்த ஆடியோகிராமில், 1,000 ஹெர்ட்ஸ் வரை ஓரளவு நேராக வந்த இரண்டு கோடுகளும் 4,000-ஐ எட்டுவதற்குள் 75 டெசிபலுக்குச் சரிந்திருந்தன; அதாவது, கீச்சென்ற ஒலிகள் மிக உரக்க வந்தால்தான் எனக்குக் கேட்கும். இன்றும் எதிரில் இருப்பவர் பேசுகிறார் என்பது கேட்கும்; பேசியது "பசி"யா "படி"யா என்பது வாயைப் பார்த்தால்தான் தெரியும். ஐந்தாம் மாதம் ஊசியை நிறுத்தினார்கள். நோய் முழுமையாகக் குணமாயிற்று, காது மட்டும் திரும்பவில்லை. உயிரைக் காத்த மருந்தைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் முதல் ஊசிக்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்து, மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

கோவை, செவித்திறன் வல்லுநர்

அம்மா, கானமைசின் போன்ற மருந்துகள் காதைத் தாக்கும் வரிசையை உங்கள் தெர்மாமீட்டர் அப்படியே காட்டியிருக்கிறது. ஒவ்வொரு உள்காதிலும் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியை உணரும் ரோமச் செல்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. அவற்றில் சுமார் 3,500 உள்வரிசைச் செல்கள் ஒலியை நரம்புக்குச் சொல்கின்றன. மற்றவை வெளிவரிசைச் செல்கள், ஒலியைப் பெருக்கித் தருபவை. பிறப்பில் கிடைத்த இந்த எண்ணிக்கைதான் வாழ்நாள் முழுமைக்கும். கோழி போன்ற பறவைகளுக்கு இவை மீண்டும் முளைக்கின்றன என்று 1980-களில் கண்டறிந்தார்கள். மனிதர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ரோமச் செல்லின் தலையில் உள்ள நுண்ணிழைகள் ஒலியில் சாயும்போது அவற்றின் நுனியில் இருக்கும் சின்னஞ்சிறு வாயில்கள் திறக்கும். மின்துகள்கள் நுழைய வேண்டிய அந்த வழியாகவே கானமைசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகளும் செல்லுக்குள் போய்விடுகின்றன. போனவை எளிதில் வெளியேறுவதில்லை. காக்ளியாவின் அடிப்பகுதியில் உள்ள வெளிவரிசைச் செல்கள் முதலில் மடிவதால், கீச்சென்ற ஒலிகளே முதலில் மறைகின்றன. அந்த வாயிலை அமைக்கும் புரதத்திற்கான டிஎம்சி1 மரபணுவை 2002-இல் அடையாளம் காண உதவியவர்களுள், பிறவிச் செவிட்டுத்தன்மை கொண்ட இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்களும் உண்டு. அந்த மரபணு பழுதானால் வாயில் பிறப்பிலிருந்தே வேலை செய்யாது. பழுதில்லாமல் இருந்தாலோ நஞ்சுக்கும் அதுவே வழியாகிறது. இந்தத் துறையில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் இந்த ஒன்றை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நான் பார்த்த ஒரு குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு ஐந்தே நாள் ஜென்டாமைசின் போட்ட சிறுவனுக்கு இரு காதும் போயிற்று. அளவு கூடவில்லை, மருந்தை வெளியேற்றும் சிறுநீரகமும் நன்றாகவே இருந்தது. விசாரித்தபோது, அவனுடைய தாய்மாமனுக்கும் இளமையில் சில ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகளுக்குப் பின் இதே கதி நேர்ந்தது தெரியவந்தது. தாய்மாமன் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, ஏனென்றால் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு தாய்வழியில் மட்டுமே இறங்குவது. அதில் 1555 என்ற இடத்தில் 'ஏ' என்ற எழுத்து 'ஜி' என்று மாறியிருந்தால், நம் மைட்டோகாண்ட்ரியாவில் புரதம் செய்யும் ரைபோசோம் பாக்டீரியாவின் ரைபோசோமைப் போல ஆகிவிடுகிறது. பாக்டீரியாவைக் கொல்ல வந்த மருந்து ஆளை அடையாளம் தெரியாமல் நம் செல்லையும் தாக்குகிறது. 1993-இல் கண்டறியப்பட்ட இந்த மாற்றத்தை, பிறந்த குழந்தையின் கன்னத்தில் பஞ்சை ஒற்றி எடுத்து 26 நிமிடத்தில் காட்டிவிடும் சோதனையை இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உருவாக்கியிருக்கிறார்கள். அந்தச் சிறுவனின் அக்காளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. ஆனாலும் அவள் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் நீட்ட வேண்டிய, இவ்வகை ஊசிகள் வேண்டாம் என்ற சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தேன்.

விருதுநகர், ஒரு தந்தை

எங்களுக்கு நடந்தது இதற்கு நேர்மாறானது. பிறந்த மூன்றாம் நாளில் தொற்று என்று என் மகனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து ஏழு நாள் ஜென்டாமைசின் கொடுத்தார்கள். ஒன்றரை வயதில் அவனுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும், ஊசிதான் காரணம் என்று முடிவுகட்டி, சிகிச்சை தந்த மருத்துவரைக் கடுமையாகப் பேசிவிட்டேன். மரபணுச் சோதனையில் ஜிஜேபி2 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே பழுது இருந்தது. அந்த மரபணு உருவாக்கும் கனெக்சின் 26 என்ற புரதம் 226 அமினோ அமிலங்கள் நீளம். என் மகனுக்கு அது 24-ஆம் இடத்திலேயே நின்றுவிடுகிறதாம். அந்தப் புரதம் ரோமச் செல்லில் இருப்பதில்லை. ரோமச் செல்லைச் சூழ்ந்து தாங்கும் செல்களை ஒன்றோடொன்று இணைப்பது. அந்த இணைப்பு இல்லாமல் ரோமச் செல் வேலை செய்ய முடியாது என்று விளக்கினார்கள்.

என் மனைவி எனக்குத் தாய்மாமன் மகள். ஆளுக்கொரு பழுதான பிரதியோடு நாங்கள் இருவருமே நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். சொந்தத்தில் கட்டியதைக் குறை சொல்கிறதா என்று என் தாயார் அந்த அறிக்கையைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டார். நரம்பு கெடாததால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஒலியை நேரடியாக நரம்புக்குச் சொல்லும் காக்ளியர் கருவி பொருத்தினோம். இப்போது மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறான். அந்த மருத்துவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

சேலம், புற்றுநோயிலிருந்து மீண்டவர்

எனக்குக் கொடுத்தது சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. கடைசிச் சுற்று முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் கேட்கும் திறன் குறைந்துகொண்டே போனது, இரவில் காதுக்குள் சில்வண்டுச் சத்தம் வேறு. மருந்தை நிறுத்திய பிறகு எப்படிக் கெடும் என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. மற்ற உறுப்புகளிலிருந்து வெளியேறிவிடும் இந்த மருந்து காக்ளியாவில் மட்டும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூடத் தங்கிவிடுகிறது என்று 2017-இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள் என்பதைப் படித்தபோதுதான், நான் சொன்னது கற்பனை இல்லை என்று எனக்கே நிம்மதி ஏற்பட்டது. குழந்தைகளின் சில வகைக் கட்டிகளுக்குச் சிஸ்பிளாட்டின் ஏற்றி ஆறு மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்பேட் கொடுத்துக் காதைக் காக்கும் முறைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நான் குழந்தையும் இல்லை, 2022-க்காகக் காத்திருக்கவும் இல்லை.

தஞ்சாவூர் ஆசிரியை, மீண்டும்

கோவை ஐயா எழுதியதைப் படித்த பிறகு, மகளையும் பேத்தியையும் எண்ணி நானும் அந்த 1555 சோதனையைச் செய்துகொண்டேன். என் தாயாரும் இளமையில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக்கொண்டவர், எண்பது வயதிலும் அடுத்த அறையில் பேசுவதைக் கேட்டுப் பதில் சொன்னவர். அதனால் ஓரளவு எதிர்பார்த்ததுதான். எனக்கு அந்த மாற்றம் இல்லை. என் காதுகளுக்கு மரபணுவின் உதவி தேவைப்படவில்லை, ஏறத்தாழ 120 ஊசிகளே போதுமாக இருந்திருக்கின்றன. சென்ற ஆண்டு என் தம்பி மகனுக்கு அதே நோய் வந்தது. பெடாகுவிலினும் வேறு சில மாத்திரைகளும் தருகிறார்கள், ஊசியே இல்லை. உலக சுகாதார அமைப்பு 2019-லேயே கானமைசினைப் பரிந்துரையிலிருந்து நீக்கிவிட்டதாம். ஆனாலும் அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அந்தப் பழைய தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு சத்தம் வந்ததும் கையைத் தூக்கச் சொல்கிறேன்.